பம்பா, ஸ்பேசரா, ரோட்டாவா: கூட்டு மருந்து இன்ஹேலரை எதில் இழுப்பது?

டாக்டர் சீட்டில் ஆஸ்துமாவுக்கு ‘ஃபோராகார்ட் 200’ என்று மட்டும் எழுதியிருந்தால், தர்மபுரியில் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: “பம்பா, ரோட்டாவா?” இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து. புடிசோனைடு 200 மைக்ரோகிராம், ஃபார்மோடெரால் 6 மைக்ரோகிராம். பம்பு என்றால் ஒரு டப்பாவில் 120 பஃப், அதாவது 120 முறை அழுத்தும் அளவு. ரோட்டா என்றால் 30 கேப்ஸ்யூல், அதைப் போட்டு உறிஞ்சத் தனியாக ஒரு கருவி. வாங்க வந்தவர் கையில் இருக்கும் காசைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லில்தான் அடுத்த ஆறு மாதம் மருந்து நுரையீரலுக்குப் போகுமா, தொண்டையில் படிந்து வீணாகுமா என்பது முடிவாகிறது.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். ஃபார்மோடெரால் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைத் தளர்த்தும். இழுத்த சில நிமிடங்களில் தெரியும், சுமார் 12 மணி நேரம் நிற்கும். புடிசோனைடு ஸ்டீராய்டு. குழாயின் உள்சுவர் வீக்கத்தை வற்றவைப்பது அதன் வேலை. முழுப் பலன் தெரிய நாட்களும் வாரங்களும் ஆகும். ஆஸ்துமாவில் நோயின் வேரைத் தொடுவது இந்த இரண்டாவது மருந்துதான். “இளைப்பு நின்றுவிட்டது” என்று பத்தாம் நாள் பம்பைப் பரணில் போடுகிறவர்களுக்கு வழி திறந்திருக்கும், வீக்கம் அப்படியே இருக்கும். ராகி அடிக்கிற தூசியோ, பனிக்காலக் காற்றோ, பட்டுக்கூடு வைத்திருக்கும் கொட்டகையில் அந்துப்பூச்சியின் இறகுத்துகளோ பட்டவுடன் மறுபடி மூச்சு முட்டும்.

ஆஸ்துமா உள்ளவர் ஸ்டீராய்டு இல்லாமல் நீண்டநேரத் திறப்பு மருந்தை (ஃபார்மோடெரால், சால்மெடெரால் போன்றவை) மட்டும் இழுப்பது ஆபத்து. 2006இல் வெளியான சால்மெடெரால் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அந்த மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களிடையே மூச்சுக்கோளாறு மரணங்கள் அதிகமாக இருந்தன. இரண்டையும் ஒரே கருவியில் சேர்த்துக் கொடுப்பதில் உள்ள பெரிய பாதுகாப்பே, ஒன்றை விட்டு மற்றதை மட்டும் இழுக்க வழியில்லை என்பதுதான்.

‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. காலை 2 பஃப், இரவு 2 பஃப் இழுத்தால் ஒரு நாளைக்கு 800 மைக்ரோகிராம். அதுவும் முழுக்க உடம்பில் ஏறுவதில்லை. இதை விட்டுவிட்டு, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினால் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். மருந்து வேறு, வீரியம் வேறு, எண்ணுக்கு எண் சமமாக வைக்க முடியாது. ஆனாலும் பயப்பட வேண்டியது எதற்கு என்று இந்த அளவே சொல்லும்.

வெறும் பம்பு

பார்க்க எளிது, செய்ய மூன்றிலும் இதுதான் கடினம். அழுத்தியதும் மருந்து மிக வேகமாகப் பீய்ச்சிக்கொண்டு வருகிறது. அந்த வேகத்தில் பெரும்பகுதி தொண்டையின் பின்சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். சரியாகச் செய்தாலே நூற்றுக்குப் பத்து, இருபது பங்குதான் நுரையீரலைத் தொடும். தப்பாகச் செய்தால் அதுவும் இல்லை.

முறை இது. மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் தூசி, நூல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே மருந்துத்துகள் அடியில் தங்கியிருக்கும். குலுக்காவிட்டால் ஒரு பஃப்பில் குறைவாகவும் அடுத்ததில் அதிகமாகவும் வரும். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கியதும் அழுத்துங்கள். இழுப்பது 4, 5 விநாடி நீள வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்குங்கள்.

தப்பு நடப்பது ‘இழுக்கத் தொடங்கியதும்’ என்ற அந்த அரை விநாடியில். அழுத்திவிட்டு இழுப்பார்கள், அல்லது இழுத்து முடித்துவிட்டு அழுத்துவார்கள். கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள். வாயோரத்திலோ மூக்கிலோ புகை கசிந்தால் அந்த பஃப் போயிற்று. இன்னொரு தப்பு, பீடி இழுப்பதுபோல ‘சட்’டென்று உறிஞ்சுவது. பம்புக்கு வேகம் எதிரி.

ஸ்பேசரோடு பம்பு

ஒரு பக்கம் பம்பு, மறுபக்கம் வாய், நடுவில் காலிக் குடுவை. பீய்ச்சிய மருந்து அந்தக் குடுவையில் வேகம் தணிகிறது, பெரிய துளிகள் சுவரில் படிந்துவிடுகின்றன, மெல்லிய துகள் மட்டும் மூச்சோடு உள்ளே போகிறது. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொண்டையில் படியும் மருந்து வெகுவாகக் குறைவதால் குரல் கரகரப்பும் வாய்ப்பூஞ்சையும் குறையும்.

அடுப்புப் புகையிலேயே நாற்பது வருடம் கழித்து சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வந்த பாட்டிக்கு வீட்டில் இப்படிச் செய்யலாம். அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசரை வாயில் கவ்வச் சொல்லுங்கள். குலுக்கிய பம்பைப் பேத்தி ஒரே ஒரு முறை அழுத்தட்டும். பாட்டி உடனே ஒரு நீண்ட மூச்சு இழுத்து அடக்கட்டும். அது முடியாவிட்டால் வாயை எடுக்காமல் ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கட்டும். பிறகுதான் அடுத்த பஃப். நேரம் மிச்சம் என்று இரண்டு பஃப்பையும் ஒன்றாக அடித்துவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிச் சுவரில் படிந்துவிடும், கிடைப்பது குறையும். 4, 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வைத்த ஸ்பேசர்தான் சரி. அழுகிற குழந்தைக்கு அடித்தால் பெரும்பாலும் வீண்.

கழுவுவதில் ஒரு நுட்பம் உண்டு. சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மாதம் ஒரு முறை முக்கியெடுத்து, துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரே இழுத்துக்கொள்ளும். வாய் வைக்கும் இடத்தை மட்டும் கழுவித் துடைத்தால் போதும்.

ஸ்பேசர் வாங்க முடியாத அவசரத்துக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் உதவும். அடிப்பாகத்தில் பம்பின் வாய்ப்பகுதி இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, பாட்டிலின் வாயைக் கவ்விக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1999இல் வெளியான ஆய்வில், ஆஸ்துமா முற்றிய குழந்தைகளுக்கு இந்த வகைப் பாட்டில் கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. ஓட்டை தளர்வாக இருந்தால் மருந்து பக்கவாட்டில் கசியும், அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ரோட்டா கேப்ஸ்யூல்

இங்கே பீய்ச்சுவதற்கு எதுவும் இல்லை. உங்கள் மூச்சுதான் எஞ்சின். பொடியைக் கலைத்து நுண்துகளாக்குவதே உள்ளிழுக்கும் காற்றின் வேகம் என்பதால், பம்புக்கு நேர் எதிராக வேகமாக, ஆழமாக, முதல் நொடியிலிருந்தே பலமாக இழுக்க வேண்டும். பம்பிலிருந்து ரோட்டாவுக்கு மாறியவர் பழைய பழக்கத்தில் மெதுவாக இழுப்பதும், ரோட்டாவிலிருந்து பம்புக்கு வந்தவர் ‘சட்’டென்று உறிஞ்சுவதும் தினசரிக் காட்சி. இரண்டு கருவியும் ஒரே வீட்டில் இருந்தால் இந்தக் குழப்பம் உறுதி. முடிந்தவரை எல்லா மருந்தையும் ஒரே வகைக் கருவியில் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டாஹேலரை நிமிர்த்திப் பிடித்து, கேப்ஸ்யூலின் நிறமில்லாத பக்கம் கீழே இருக்கும்படி சதுர ஓட்டையில் செருகி, மேல்மட்டம் சமமாகும்வரை தள்ளுங்கள். அடிப்பாகத்தைத் திருகினால் கேப்ஸ்யூல் இரண்டாகப் பிரியும். முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விடுங்கள். கருவிக்குள் ஊதினால் வாயின் ஈரத்தில் பொடி கட்டிப்படும். பிறகு கவ்விப் பலமாக இழுத்து, 10 விநாடி அடக்குங்கள். திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள். இரண்டு முறைக்குப் பிறகும் தினமும் பொடி மிஞ்சினால், உங்கள் மூச்சின் பலம் இந்தக் கருவிக்குப் போதவில்லை என்று பொருள். அப்போது கேட்க வேண்டியது அதிக டோஸ் கேப்ஸ்யூலை இல்லை, பம்பும் ஸ்பேசரும்தான்.

கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். யாரும் செய்து காட்டவில்லை என்பதே காரணம், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வாங்குகிற இடத்திலேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ரோட்டாவில் ஒரு நல்ல குணம், ஏமாற்றாது. இழுத்தோமா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும், எத்தனை மிச்சம் என்று எண்ணலாம். பம்பு அப்படியில்லை. எண் காட்டி இல்லாத பம்பு 120 முடிந்த பிறகும் வெறும் வாயுவைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். நாளைக்கு 4 பஃப் என்றால் சரியாக 30 நாள். தொடங்கிய தேதியை டப்பாவின் மேலேயே எழுதிவையுங்கள். தண்ணீரில் மிதக்கிறதா என்று போட்டுப் பார்ப்பது இன்றைய பம்புகளுக்குச் சரியான விடை தராது. விலை ஒப்பிடும்போதும் இந்தக் கணக்கு வேண்டும். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் 30 கேப்ஸ்யூல் 15 நாளில் தீர்ந்துவிடும்.

யாருக்கு எது

ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகும் இருபத்தைந்து வயது ஆளுக்கு, இளைப்பு இல்லாத நாட்களில் ரோட்டா போதும். சட்டைப்பையில் அடங்கும். குழந்தை, முதியவர், சிஓபிடி முற்றியவர், கை நடுங்குபவர், அடிக்கடி இளைப்பு முற்றுகிறவர் என எல்லோருக்கும் பம்பும் ஸ்பேசரும்தான். வெறும் பம்பு, வெளியூர் போகும் நாளுக்கு மட்டும். இளைப்பு முற்றிய நேரத்தில் ரோட்டாவை நம்பவே வேண்டாம். இழுக்கப் பலமில்லாத நேரத்தில், பலத்தைக் கேட்கும் கருவி எப்படி உதவும்?

வெயிலும் குளிரும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. பம்பின் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். சித்திரை வெயிலில் தர்மபுரியில் நிறுத்திவைத்த ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் சூடு அதைத் தாண்டி எங்கோ போய்விடும். பம்பை அங்கே வைக்காதீர்கள். மார்கழி விடியலில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சில்லிட்டுப்போன டப்பாவில் மருந்து குறைவாக வரும். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றிய பிறகு குலுக்குங்கள். ரோட்டாவுக்கு ஈரம்தான் பகை. குளியலறை, தண்ணீர்ப்பானைப் பக்கம், ஈரக்கை எதுவும் ஆகாது.

ஃபார்மோடெராலா, சால்மெடெராலா

செரோஃப்ளோ போன்றவற்றில் இருப்பது சால்மெடெராலும் ஃப்ளூட்டிகசோனும். தினசரிக் கட்டுப்பாட்டுக்கு அதுவும் நல்ல மருந்துதான். ஆனால் சால்மெடெரால் வேலையைத் தொடங்கப் பதினைந்து இருபது நிமிடம் ஆகலாம். அவசரத்துக்கு அதை அடிப்பது ஆபத்து. புடிசோனைடு-ஃபார்மோடெரால் கூட்டை, டாக்டர் அப்படி எழுதித் தந்திருந்தால், அவசரத்துக்கும் இழுக்கலாம். ஒரு பஃப், சில நிமிடம் பொறுத்து இன்னொன்று. பெரியவர்களுக்கு 6 மைக்ரோகிராம் ஃபார்மோடெரால் பம்பில் ஒரே வேளையில் 6ஐயும், தினசரி டோஸையும் சேர்த்து ஒரு நாளில் 12ஐயும் தாண்டக் கூடாது. நாளில் 8ஐத் தாண்டினாலே அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சிஓபிடிக்கு அலசல் வேறு. அங்கே டையோட்ரோபியம், கிளைகோபைரோனியம் போன்ற மருந்து சேர்ந்த கூட்டுக்கே முதலிடம். ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவைப்படாது, நிமோனியா வாய்ப்பையும் கூட்டும். காய்ச்சலோடு சளி மஞ்சள், பச்சை என்று மாறினால் காத்திருக்காதீர்கள். கண்ணழுத்த நோயோ, புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைப்போ இருந்தால் டையோட்ரோபியம் வகை மருந்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை செய்தவருக்கு மூச்சு வாங்கினால் அது கல்தூசி நோயாகவும் இருக்கலாம், காசநோயும் கூட வரலாம். எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் பார்க்காமல் பம்பை மட்டும் வாங்கி அடிப்பது நோயை மறைத்துவைப்பதாகும். ஆஸ்துமாக்காரர் பிரஷருக்கு வாங்கும் மாத்திரையையும் கண் சொட்டுமருந்தையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். புரோப்ரனலால், டிமோலால் போன்றவை மூச்சுக்குழாயைச் சுருக்கும்.

எந்தக் கருவியானாலும், இழுத்து முடித்ததும் வாயையும் தொண்டையையும் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். பல் தேய்ப்பதற்கு முன் பம்பு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் பூஞ்சை. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சீக்கிரம் வரும். அதற்கு மருந்து உண்டு, பம்பை நிறுத்தத் தேவையில்லை.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற தொலைவான ஊர்களில் இருப்பவர்கள் இதைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்: ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, ஆள் மந்தமாகிறார், அல்லது வீசிங் சத்தமே கேட்காமல் போய்விட்டது என்றால் உடனே 108. வண்டி வரும்வரை நீல பம்பை, அதாவது சால்பியுடமாலை, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக 4 முதல் 10 வரை கொடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்யுங்கள். படுக்கவைக்காதீர்கள், முன்னால் சாய்ந்து உட்காரட்டும். அவர் தினமும் இழுக்கும் பம்பையும் சீட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.