‘ஹிஸ் பிளடி ப்ராஜெக்ட்’: விதிப் புத்தகம் இல்லாத ஊரில் மூன்று கொலைகள்

கிரேம் மக்ரே பர்னெட் எழுதி 2015-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு மேன் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற இந்த நாவலில், கொலையாளி யார் என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. 1869 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கல்டூயி என்னும் சிற்றூரில், ரோடரிக் மக்ரே என்ற 17 வயது இளைஞன் மூன்று பேரைக் கொல்கிறான். குற்றத்தை மறைக்கவும் முயலவில்லை. அவன் ஏன் கொன்றான், அப்போது சித்த சுவாதீனத்தோடு இருந்தானா என்பவையே வழக்கு. அக்கம்பக்கத்தார் வாக்குமூலங்கள், இன்வர்னெஸ் சிறையில் அவன் எழுதிய நினைவுக்குறிப்பு, மருத்துவ அறிக்கைகள், நீதிமன்ற விசாரணை என ஒரு வழக்குக் கட்டைப் போலவே நாவல் அமைந்திருப்பதால், கற்பனை வழக்கென்று தெரிந்தும் மனம் அதை நம்பிவிடுகிறது.

நினைவுக்குறிப்புதான் நாவலின் உயிர். நிலவுடைமையாளர் சார்பில் ஊரைக் கண்காணிக்கும் கான்ஸ்டபிள் பொறுப்புக்கு வரும் லாக்லன் மெக்கன்சி, மக்ரே குடும்பத்தின் மீதுள்ள பகையைச் சின்னச் சின்ன விதிகளின் வழியே தீர்த்துக்கொள்கிறான். நிலத்துக்கு உரமாகப் போடக் கடற்பாசி அள்ளிவந்த தந்தையையும் மகனையும், அது நிலவுடைமையாளருக்குச் சொந்தம் என்று சொல்லி, திரும்பவும் கரையிலேயே கொண்டுபோய்ப் போடவைக்கிறான். விதிகள் என்னவென்று தெரிந்தால் மீறாமல் நடந்துகொள்ளலாமே என்ற எண்ணத்தில், தந்தை பண்ணைக் காரியஸ்தரிடம் போய் விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். நாம் சுவாசிக்கும் காற்றை எப்படிப் பார்க்க முடியாதோ அப்படியே விதிகளையும் பார்க்க முடியாது, எல்லோரும் ஏற்பதால்தான் அவை இருக்கின்றன என்கிறார் காரியஸ்தர். கேட்டவர் விதியை மீறத்தான் வழி தேடுகிறார் என்ற சந்தேகமும் கூடவே எழுகிறது. யாரும் குரலை உயர்த்தாத அந்தச் சில பக்கங்களில் ஒரு மனிதர் நொறுங்கிப் போவதைப் போல, கொலைக் காட்சிகூட என்னைப் பாதிக்கவில்லை. அப்பகுதிக் குத்தகை விவசாயிகளை எளிதில் வெளியேற்ற முடியாதபடி பாதுகாத்த சட்டம் 1886-இல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்துப் படித்தால், தந்தையின் பணிவுக்குக் காரணம் விளங்கும்.

இவ்வளவு தெளிவாக எழுதுகிறவன் உண்மையைத்தான் சொல்கிறான் என்று நாம் முடிவுசெய்திருக்கும் வேளையில், பிரேதப் பரிசோதனை அறிக்கை வருகிறது. அவன் எழுதாமல் விட்ட ஒரு விவரம் அதில் இருக்கிறது. அதை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அதைப் படித்ததும் நினைவுக்குறிப்பின் சில பக்கங்களை மீண்டும் புரட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நாவலில் ரோடரிக்கைப் பரிசோதிக்கும் பெர்த் சிறை மருத்துவர் ஜே. புரூஸ் தாம்சன் வரலாற்றில் உண்மையில் வாழ்ந்தவர். குற்றம் பரம்பரையாக வருவது என்று வாதிட்டவர். ஏழைக் குடியானவர்களை அவர் பார்க்கும் பார்வையை நாவல் கூர்மையாகக் காட்டுகிறது. விசாரணைப் பகுதி, ஏற்கெனவே தெரிந்த செய்திகளைத் திரும்பச் சொல்வதால் சற்று நீள்கிறது. அதைவிடப் பெரிய குறை, ரோடரிக்கின் அக்கா ஜெட்டாவின் துயரம் தம்பியின் கண்வழியே அரைகுறையாக மட்டும் தெரிவது. அவளுக்கும் அந்த வழக்குக் கட்டுக்குள் ஒரு தாள் இருந்திருக்க வேண்டும்.