50ஆ, 18-135ஆ: காதுகுத்துக்கு எந்த லென்ஸை மாட்டிக்கொண்டு போவது?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலில் எடுத்த காதுகுத்து வீடியோ. வானம் தெரிகிற காட்சியில் எல்லாம் மேல் ஓரத்தில் மங்கலாக ஒரு புள்ளி. பிள்ளையின் தாய்மாமன்தான் முதலில் பார்த்தார். "என்ன தம்பி, ஈ மாதிரி ஒண்ணு கூடவே வருது?" என்றார். அன்றைக்கு எடுத்த முடிவு இது: வெளி வேலைக்கு 18-135 மட்டும்தான், 50 மண்டபத்துக்குள்ளே.

என்னிடம் இருப்பது கேனன் 80டி. லென்ஸ் இரண்டு, 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் ஒன்று, 18-135 மி.மீ. யுஎஸ்எம் ஜூம் இன்னொன்று. எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 50 விலை குறைவு, 160 கிராம்தான், பின்னணி அழகாக மங்கும். 18-135 அரைக் கிலோவுக்குச் சற்று மேலே, ஆனால் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசர் உண்டு, 50-இல் அது கிடையாது. 80டி-யின் சென்சார் (படம் பதிகிற தகடு) சிறியது என்பதால் 50-இல் தெரிவது, பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. காட்டுகிற குறுகிய அளவுதான். செல்லூரில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதை எடுக்கப் பின்னால் போய்ப் போய், முதுகு பீரோவில் இடித்து நின்றேன்.

சரி, அந்தப் புள்ளிக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் என் கணக்கை மாற்றியது.

வீடியோவுக்கு நொடிக்கு 25 ஃபிரேம் வைத்தால் ஷட்டர் 1/50 நொடி. அசைவு இயல்பாக இருக்கும், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பட்டை ஓடாது. (கேமரா என்டிஎஸ்சி வீடியோ முறையில் இருந்தால் முதலில் பால் முறைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் 25 ஃபிரேமே மெனுவில் வராது.) ஆனால் 1/50-ஐ வைத்துக்கொண்டு நடுப்பகல் வெயிலில் நின்றால், ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 100-இலும் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும்). அங்கேதான் சிக்கல். எஃப் 2-இல் கண்ணுக்கே தெரியாத சென்சார் தூசி, எஃப் 22-இல் புள்ளியாக வந்து உட்காரும். படமும் கொஞ்சம் கூர்மை குறைந்துவிடும். ஃபோட்டோ என்றால் ஒரு படத்தில் தட்டி அழித்துவிடலாம். வீடியோவில் அது எல்லா ஃபிரேமிலும் இருக்கும், கூட்டம் அதன்மேல் வந்தால் மறையும், வானம் வந்தால் திரும்ப எட்டிப் பார்க்கும். அதை மறைத்துக் கொடுக்க எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

தூசி எப்படி வந்தது என்றால், நானே உள்ளே விட்டதுதான். மொட்டை போடும்போது 18-135, தாய்மாமன் மடியில் காது குத்தும்போது முகம் அழகாக வரட்டும் என்று 50, அப்புறம் கிடா வெட்டுக்கு மறுபடியும் 18-135. ஆட்கள் நடந்து நடந்து புழுதி கிளம்புகிற பொட்டலில் இரண்டு தடவை லென்ஸைக் கழற்றிக் கேமராவின் வாயைத் திறந்திருக்கிறேன். வேறு என்ன வரும்?

சரி, வெயிலில் 50-இன் எஃப் 1.8-ஆவது உதவியதா? அதுவும் இல்லை. எஃப் 22-இலிருந்து 1.8-க்கு வர ஏழு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). அவ்வளவு கறுப்பான என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) மாட்டினால், நிழலுக்குள் நுழைந்ததும் கழற்ற வேண்டும். சுழற்றிக் கூட்டிக் குறைக்கிற மலிவு ஃபில்டரைக் கடைசி வரை திருப்பினால் படத்தின் நடுவில் இன்டு போட்ட மாதிரி இருட்டு விழுகிறது. 18-135-ஐ எஃப் 5.6-இல் வைத்தால் நான்கு ஸ்டாப் போதும், 67 மி.மீ. என்டி16 ஒன்று மாட்டினால் வேலை முடிந்தது. வெயிலில் 50-இன் 1.8 பெட்டியில் அச்சடித்த எண்தான்.

18-135-இல் ஒன்றைக் கவனியுங்கள். அகலமாக வைத்து எஃப் 3.5-இல் தொடங்கி அப்படியே ஜூம் செய்தால் தானாக 5.6-க்குப் போய்ப் படம் இருட்டும். ஆரம்பத்திலேயே 5.6 வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) ஆட்டோவில் விடாதீர்கள், மஞ்சள் துண்டு குறுக்கே போனால் மாப்பிள்ளை முகம் நீலம் பாயும்.

மண்டபத்துக்குள் நிலைமை தலைகீழ். விடியற்கால முகூர்த்தத்தில் 18-135-ஐ எஃப் 5.6-இல் வைத்து ஐஎஸ்ஓ 3200 வரை போனால் கறுப்புப் பட்டுச் சேலையில் மணல் மணலாக இருக்கும். அதே வெளிச்சத்தில் 50-ஐ எஃப் 2.8-இல் வைத்தால் 800 போதும். 1.8-க்குப் போகாதீர்கள், மணப்பெண் தலையைச் சற்றுத் திருப்பினாலே ஃபோகஸ் நழுவும். ஸ்டெபிலைசர் இல்லாததால் மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) கட்டாயம். கேமராவின் சொந்த மைக்கை நம்பினால் 50-இன் மோட்டார் முனகுவதும் பதிவாகும், தனி ரெக்கார்டர் நல்லது.

தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் 50-ஐ மாட்டுகிறேன், அதுவும் மணமகள் அறைக்குள் போய், ஃபேனை நிறுத்தி, கேமராவை அணைத்து, அதன் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து. வாயால் ஊதவே கூடாது, எச்சில் பட்டால் தூசியை விட மோசம். ரப்பர் ப்ளோவர் போதும்.

சிக்மா 17-50 எஃப் 2.8 லென்ஸ் இரண்டுக்கும் நடுவில் பொருந்தும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்டெபிலைசரும் உண்டு. ஒரே ஒரு வளைகாப்புக்கு இரவல் வாங்கி மாட்டினேன், உள்ளே நன்றாகத்தான் வந்தது. புழுதியில் வைத்துப் பார்த்ததில்லை, ஃபில்டரும் 77 மி.மீ. என்பதால் என்னிடம் இருக்கிற 67 அதற்குச் சேராது. 50-க்கு அந்தக் கவலை இல்லை, 49-இலிருந்து 67-க்கு ஒரு வளையம் வாங்கினால் அதே என்டி அதிலும் உட்காரும்.