பாதி முடிந்த ஆன்லைன் கேம்: ஊருக்கே திறந்துவிடுவதா, நாலு பேருக்கு மட்டும் கொடுப்பதா?

திருப்பூரில் ஒரு டி-சர்ட் கப்பலேறும் முன் எத்தனை சாம்பிள் போகும் என்று எந்த பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசரைக் கேட்டாலும் சொல்வார். முதலில் ஃபிட் சாம்பிள்: உடம்புக்கு உட்காருகிறதா என்று பார்க்க. பிறகு சைஸ் செட். அப்புறம் நிஜத் துணி, நிஜ நூல், நிஜ லேபிளோடு பிபி சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரி. அது ஓகே ஆனால்தான் பல்க் கட்டிங். ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு கேள்விதான். ஃபிட் சாம்பிளில் கலர் வேறாக இருக்கிறது என்று எந்த பையரும் சண்டைக்கு வருவதில்லை.

கோவை சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் நாலைந்து பேராகச் சேர்ந்து ஆன்லைன் கேம் செய்யும் குழுக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆட்டம் சுவாரசியமா, சர்வர் தாங்குமா, காசு வருமா, எந்த போனில் நின்றுபோகிறது என்ற நாலு கேள்வியையும் ‘பீட்டா’ (முழுதாக முடியாத பதிப்பைக் கொடுத்துச் சோதிப்பது) என்ற ஒரே பெயரில் ஊர் முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். கூட்டம் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி கையில் இருந்தால் திறக்கலாம். இல்லாவிட்டால் அது பூச்சு காயாத வீட்டுக்கு ஒறம்பரையை அழைப்பது போலத்தான்.

குளோஸ்டு டெஸ்ட்: குறைவாகச் சொல்லும், ஆனால் பொய் சொல்லாது

கூகுள் பிளேயில் இன்டர்னல் டெஸ்டிங் 100 பேர் வரை. பில்ட் (புதிதாகச் செய்த பதிப்பு) ஏற்றிய சில நிமிடங்களில் கைக்குப் போய்விடும் என்பதால் தினசரி வேலைக்கு இதுதான். அதற்கு அடுத்தது குளோஸ்டு டெஸ்டிங், மின்னஞ்சல் பட்டியல் வைத்து. இதில் ஒரு கட்டாயமும் உண்டு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டராக இருந்தால்தான் எல்லோருக்குமான வெளியீடான ப்ரொடக்‌ஷனுக்கு விண்ணப்பிக்கவே முடியும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். ஓப்பன் டெஸ்டிங்கும் அந்த அனுமதி கிடைத்த பிறகே திறக்கும். எனவே புதுக் கணக்குக்காரர்கள் ‘ஓப்பனா, குளோஸ்டா’ என்று முதல் மாதமே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சரியாக 12 பேரை மட்டும் சேர்க்காதீர்கள். நடுவில் ஒருவர் விலகினால் நாள் கணக்கு போய்விடும். 20 பேராவது பட்டியலில் இருக்கட்டும்.

குளோஸ்டு டெஸ்ட்டில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 12 பேர், தினம் ஓர் ஆட்டம், 14 நாள்: மொத்தம் 168 ஆட்டம். 200 ஆட்டத்தில் ஒரு முறை வரும் கோளாறு இதில் ஒரு தடவையாவது தலைகாட்ட வாய்ப்பு நூற்றுக்கு 57. 5,000 ஆட்டத்தில் ஒரு முறை வரும் கோளாறுக்கு வெறும் 3. அதே நேரம் டுடோரியலில் எந்தப் பட்டன் புரியவில்லை, எந்த இடத்தில் சலித்துப்போய் போனைக் கீழே வைக்கிறார்கள் என்பதற்குப் பத்துப் பேரே தாராளம். பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்தாலே தெரிந்துவிடும். வாய் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

டெஸ்டர்களை எங்கிருந்து எடுப்பது? கோவை, பெருந்துறை, சத்தியமங்கலம் வட்டாரத்தில் கல்லூரி ஹாஸ்டல்களுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அங்கே இரண்டு பொறி உண்டு. ஹாஸ்டல் வைஃபையில் ஃபயர்வால் யுடிபியை (ஆன்லைன் கேம்கள் டேட்டா அனுப்பும் ஒரு வழி) அடைத்திருந்தால் கேம் ‘கனெக்டிங்’ என்றே நின்றுவிடும். சாதாரண வெப்சைட்டுகள் போகும் 443 போர்ட்டில் வெப்சாக்கெட் வழியாகப் போகும் மாற்றுப்பாதை ஒன்று தேவை. இரண்டாவது, ஹாஸ்டல் முழுக்க ஒரே பொது ஐபியில் (இணைய முகவரி) வெளியே வரும். ‘ஒரு ஐபிக்கு நிமிடத்துக்கு 10 லாகின்’ என்று தடுப்பு போட்டிருந்தால் பதினோராவது பையன் முதல் அத்தனை பேரும் வெளியே. மொபைல் டேட்டாவிலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே பொது ஐபியைப் பங்குபோட்டுக்கொள்வதால் தடுப்பை ஐபியை வைத்துப் போடாமல் கணக்கை வைத்துப் போட வேண்டும். இரண்டு போன்கள் நேரடியாகப் பேசும் அமைப்பு அந்த நெட்வொர்க்கில் பல சமயம் இணையவே செய்யாது. நடுவில் இருவரின் டேட்டாவையும் வாங்கிக் கைமாற்றும் ரிலே சர்வர் ஒன்று வேண்டும்.

நெட் அறுந்து சேர்வதைச் சோதிக்க ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு பஸ் ஏறினால் போதும். 40 கொண்டை ஊசி வளைவில் சிக்னல் எத்தனை முறை வந்து போகும் என்று எண்ணத் தேவையில்லை. ஆபீஸ் வைஃபையில் ஒருபோதும் தெரியாத பிழை அங்கே தெரியும்: நெட் அறுந்து மறுபடி சேரும்போது ஐபி மாறலாம், ஐபியை வைத்தே ஆளை அடையாளம் காணும் சர்வர் அவரைப் புது ஆள் என்று நினைத்துக்கொள்ளும், பழைய உருவம் களத்தில் சிலையாக நிற்கும். நுழையும்போதே ஒரு செஷன் டோக்கன் கொடுத்து, 60 விநாடிக்குள் அதே டோக்கனோடு வந்தால் பழைய இடத்தில் உட்கார வைப்பதுதான் வைத்தியம். இதற்கு ஓப்பன் பீட்டா எதற்கு? ஒரு பஸ் டிக்கெட் போதும்.

ஓப்பன் பீட்டா: கூட்டம் மட்டுமே சொல்லும் சேதி

ஆன்லைன் ஆட்டத்துக்குக் கூட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு ஆடுபவர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவிடும் மேட்ச்மேக்கிங் ஒன்றே போதுமான காரணம். நாலு பேர் சேர்ந்தால் தொடங்கும் ஆட்டம், ஓர் ஆட்டம் 6 நிமிடம், முதலில் வந்தவர் 30 விநாடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின் மூன்று பேர் அந்த 30 விநாடிக்குள் வர வேண்டும். 10 விநாடிக்கு ஒருவர். நிமிடத்துக்கு 6 பேர். ஒவ்வொருவரும் 6 நிமிடம் உள்ளே இருப்பதால் எந்நேரமும் 36 பேர் ஆடிக்கொண்டும் ஒன்றிரண்டு பேர் காத்துக்கொண்டும் இருப்பார்கள். சுமார் 40 பேர். இரண்டு மோடு (ஆட்ட வகை) வைத்தால் 80. இரண்டையும் திறமை வாரியாக மூன்று அடுக்காகப் பிரித்தால் 240. கூட்டம் வரும் முன்பே ஐந்து மோடு வைத்துக் கடை விரிக்கும் குழுக்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. பீட்டாவில் ஒரே மோடு போதும். ஆள் குறைவாக இருக்கும்வரை இரவு 8 முதல் 9 வரை மட்டும் சர்வரைத் திறந்து வைத்தால் இருக்கிற ஆட்களே ஒருவரையொருவர் சந்திப்பார்கள்.

எண்ணிக்கை சொல்வதையும் கூட்டம்தான் நம்பும்படி ஆக்கும். 100 பேரில் 30 பேர் மறுநாள் திரும்பி வந்தால் உண்மை அளவு 21 முதல் 39 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம். 1,000 பேரில் 300 என்றால் 27 முதல் 33. முன்பு சொன்ன 5,000-க்கு ஒன்று கோளாறும், ஆயிரம் பேர் ஆளுக்கு ஐந்து முறை ஆடினாலே தலைகாட்ட நூற்றுக்கு 63 வாய்ப்பு.

ஆனால் திறந்த முதல் மணி நேரத்தில் முதலில் விழுவது பெரும்பாலும் கேம் சர்வர் அல்ல, லாகின். எல்லோரும் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டுவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆரம்ப அமைப்பில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும், லாகின் சர்வர் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு இணைப்பைத் திறந்தால் அதைத் தாண்டி வரும் கோரிக்கை பிழையோடு திரும்பும், போன் உடனே மறுபடி கேட்கும், கூட்டம் இரட்டிப்பாகும். நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்துகொடுக்கும் பூலர் வையுங்கள். மறுமுயற்சிக்கு 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, எல்லா போனும் ஒரே நேரத்தில் தட்டாதபடி அதில் கொஞ்சம் குலுக்கலும் சேர்த்து விடுங்கள். இதை பாட்களை (ஆட்களைப் போல் நடிக்கும் புரோகிராம்கள்) வைத்து, எதிர்பார்க்கும் கூட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு, திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பார்க்கலாம். முதல் லோடு டெஸ்ட்டே ஓப்பன் பீட்டா என்பது, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டாத மோட்டாரைக் கிணற்றில் இறக்குவதற்குச் சமம்.

டேட்டா செலவையும் பார்த்துவிடுவோம். சர்வர் விநாடிக்கு 20 முறை, முறைக்கு 200 பைட் அனுப்புகிறது. யுடிபி, ஐபி தலைப்பு 28 பைட் தனி. ஆளுக்கு விநாடிக்குச் சுமார் 4.5 கேபி. ஒரே நேரத்தில் 1,000 பேர் இருந்தால் மணிக்கு 16 ஜிபிக்கு மேல். கிளவுடில் வெளியே போகும் டேட்டாவுக்குத்தான் பில் வரும். பட்ஜெட் அலாரம் போடாமல் தூங்கப் போகாதீர்கள். ‘ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே சர்வர் ஓட்டிக்கலாமுங்க’ என்பவர்களுக்கு: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று காலையில் போனால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். சாதாரண ஆபீஸ் யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. மும்பையிலோ ஹைதராபாத்திலோ சின்ன சர்வர் ஒன்று எடுத்துவிடுவது மேல்.

பிளேயின் ஓப்பன் டெஸ்டிங்கில் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. டெஸ்டர்கள் எழுதும் கருத்து உங்களுக்கு மட்டும் வரும். ஸ்டோரில் நட்சத்திரத்தைக் குறைக்காது. எத்தனை பேர் என்று வரம்பும் போடலாம், குறைந்தபட்சம் 1,000. ப்ரொடக்‌ஷனில் போட்டுவிட்டு ஐகானில் ‘பீட்டா’ என்று எழுதி வைப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே பயனர் உணரும் க்ராஷ் 1.09 சதவீதத்தையோ, ஆப் உறைந்து நிற்பது 0.47 சதவீதத்தையோ தாண்டினால் ஸ்டோரில் உங்கள் முகமே தெரியாமல் போகக்கூடும். குறிப்பிட்ட ஒரு போன் மாடலில் 8 சதவீதம் தாண்டினால் அந்த மாடல்காரர்களுக்கு எச்சரிக்கையே காட்டலாம்.

காசு விஷயத்தில் கவனம். ஓப்பன் டெஸ்ட்டில் இருப்பவர் வாங்கினால் நிஜக் காசுதான் போகும். லைசென்ஸ் டெஸ்டர் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே இலவசம். பீட்டா முடிவில் டேட்டாவை அழிக்கும் திட்டம் இருந்தால் கேமுக்குள் இருக்கும் கடையை மூடியே வையுங்கள். அழிக்கும் தேதியை முதல் திரையிலேயே போடுங்கள். தேதி சொல்லாமல் அழித்தால் திட்டு, சொல்லிவிட்டு அழிக்காமல் விட்டாலும் திட்டு: பீட்டாவில் பிழையால் காசு குவித்தவர்கள் அசல் ஆட்டத்திலும் பணக்காரர்களாக வந்து நிற்பார்கள்.

ஏமாற்றுக்காரர்களுக்கும் ஓப்பன் பீட்டா முன்னோட்டம்தான். ஆப்பின் ஃபைலான ஏபிகேயைப் பிரித்துப் பார்ப்பார்கள். காசு, அடி, வேகம் மூன்றையும் போன் சொல்வதை நம்பாமல் சர்வரே கணக்கிடும் வேலை முடியவில்லை என்றால் திறக்கவே வேண்டாம். இது ஒன்றில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எர்லி ஆக்சஸ்: காசு வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்வது

பிசி விளையாட்டு என்றால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இரண்டு வழி. பிளேடெஸ்ட் என்பது இலவசம். காசு வாங்க முடியாது, விமர்சனமும் ஏறாது. எர்லி ஆக்சஸில் காசு வரும், முதல் நாளிலிருந்தே விமர்சனமும் ஏறும். விற்பனையே இல்லாவிட்டாலும் முடித்துத் தர முடியுமா என்று யோசித்துவிட்டு வா என்றுதான் ஸ்டீமே சொல்கிறது.

இதில் ஜெயித்தவை பெரும்பாலும் தனியாளாகவும் ஆடக்கூடியவை. மைன்கிராஃப்ட் 2009-லேயே முடியாத நிலையில் விற்பனைக்கு வந்து 2011 நவம்பரில்தான் முழு வெளியீடு கண்டது. பால்டர்ஸ் கேட் 3, 2020 அக்டோபரில் முதல் அங்கத்தை மட்டும் கொடுத்து 2023 ஆகஸ்டில் முடிந்தது. இரண்டிலும் பக்கத்தில் வேறு ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் உண்டு. எதிராளி இருந்தால்தான் ஆட்டம் என்றால், காசு கொடுத்து வாங்கியவர் காலி லாபியில் (ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்கும் இடம்) உட்கார்ந்துதான் விமர்சனம் எழுதுவார். சின்னக் குழு செய்யும் மல்டிபிளேயர் ஆட்டத்துக்கு எர்லி ஆக்சஸ் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. பாட்களோடு ஆடும் மோடு நன்றாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சாஃப்ட் லாஞ்ச், அல்லது முடித்தே விடுவது

ஒரு நாட்டில் மட்டும் நிஜ வெளியீடு செய்து பார்ப்பது சாஃப்ட் லாஞ்ச். பிரால் ஸ்டார்ஸ் 2017 ஜூனில் கனடாவில் இறங்கி, நட்டக்குத்தலாகப் பிடித்து ஆடிய போனைப் படுக்க வைத்து ஆடும்படி நடுவிலேயே மாற்றி, 2018 டிசம்பரில்தான் உலகுக்குப் போனது. ஒன்றரை வருடம் சம்பளம் கொடுக்கக் கையில் பணம் உள்ளவர்களின் வழி அது. காசு வருமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை; கூட்டத்தை விளம்பரம் போட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதுதான் இடி.

யாருக்கும் காட்டாமல் முடித்து வெளியிடுவது தனியாள் ஆட்டத்துக்குப் பொருந்தும். ஆன்லைனில் அது சூதாட்டம். பீட்டா நடத்தினால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம்: ஃபைனல் ஃபேன்டஸி 14 பீட்டா நடத்தித்தான் 2010-ல் வந்தது; மோசமாகப் போய், 2012-ல் சர்வரையே அணைத்து, 2013-ல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். குறை தெரிந்த பிறகு திருத்த நாள் விடாத பீட்டா வெறும் விளம்பரம்தான். பீட்டா முடிவுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் ஆறு வாரமாவது இடைவெளி வையுங்கள்.

எந்த வரிசையில் போகலாம்

ஐந்து பேர் குழு, ஆண்ட்ராய்டு, நாலு பேர் ஆடும் ஆட்டம் என்றால்: 20 பேரோடு இரண்டு வாரம் குளோஸ்டு. அடுத்து 200 பேர், குறித்த நேரத்தில் மட்டும் சர்வர். பிறகு பாட் லோடு டெஸ்ட். அதன்பின் 1,000 வரம்போடு ஓப்பன், பத்து நாள், முடியும் தேதி முன்கூட்டியே சொல்லி. ஓப்பனுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: பழைய வெர்ஷனை உள்ளே விடாமல் அப்டேட் கேட்கும் திரை, ஒரு வசதியை ஆப்பைத் தொடாமலே அணைக்கும் சுவிட்ச், டேட்டாபேஸ் பேக்கப், அதை ஒரு முறையாவது திரும்ப ஏற்றிப் பார்த்த அனுபவம், க்ராஷ் ரிப்போர்ட்டைப் படிக்க ஒவ்வொரு பில்டுக்கும் ஏற்றிய சிம்பல் ஃபைல். கடைசியில் சொன்னது இல்லாவிட்டால் ரிப்போர்ட் முழுக்க எண்களாக வரும். எந்த வரியில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டெஸ்டர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றே எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் சம்மதம் கேட்கும். பெயரும் போன் எண்ணும் இல்லாமலே சோதிக்க முடிந்தால் கேட்காதீர்கள். பணம் கட்டி ஆடிப் பணம் ஜெயிக்கும் ஆட்டம் என்றால் பீட்டா பேச்சுக்கே இடமில்லை, 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் அதைத் தடை செய்துவிட்டது.

தேதி குறிக்கும்போது செமஸ்டர் பரீட்சை நடக்கும் வாரங்களைத் தவிருங்கள். டெஸ்டர் பாதிப் பேர் காணாமல் போவார்கள். தீபாவளி வாரம் ஆட ஆள் கிடைக்கும், ஆனால் சர்வர் விழுந்தால் எழுப்ப வேண்டியவர் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்பார். செவ்வாய் அல்லது புதன் காலை 11 மணிக்குத் திறந்தால் சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் முதல் கோளாறைப் பார்த்துச் சரிசெய்ய ஏழு மணி நேரம் கிடைக்கும்.