ஒன்பது ஆண்டுகள், ஒரு டி.எஸ்.சி. கருவி: பாலிமர் ஆய்வகத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் படலங்கள், குறிப்பிட்ட வெப்பநிலையில் நீரை வெளியேற்றிச் சுருங்கும் ஹைட்ரோஜெல்கள், வெட்டுப்பட்ட பின்னும் வெப்பத்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் வலைப்பின்னல் பாலிமர்கள் ஆகியவற்றைத் தொகுத்து, அவற்றின் பண்புகளை அளப்பது என் பணி. இவை ஒவ்வொன்றின் செயல்பாடும் ஏதோ ஒரு வெப்பநிலையோடு பிணைந்திருப்பதால், எங்கள் ஆய்வகத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது சூடாக்கும்போது ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தைக் கொள்கிறது அல்லது உமிழ்கிறது என்று அளக்கும், டி.எஸ்.சி. எனப்படும் வேறுபாட்டு வருடல் கலோரிமானியின் முன்தான். வெப்பப்பாய்வு வகையைச் சேர்ந்த ஒரே கருவியை 9 ஆண்டுகள் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகள் இவ்வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தும் என்பதால் தயாரிப்பாளரின் பெயர் இங்கே தேவைப்படவில்லை.

வாட்சன், ஓ'நீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1962இல் உருவாக்கிய முதல் டி.எஸ்.சி. வடிவமைப்பில் மாதிரிக்கும் காலியான ஒப்பீட்டுக் கிண்ணத்துக்கும் தனித்தனி உலைகள் இருந்தன. இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கத் தேவைப்படும் திறனின் வேறுபாடு அதில் அளவிடப்பட்டது. எங்கள் கருவியில் இரு கிண்ணங்களும் ஒரே உலைக்குள் அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே எழும் வெப்பநிலை வேறுபாடு வெப்பப்பாய்வாக மாற்றிக் காட்டப்படுகிறது. மாணவர் பலர் கைமாறிப் பயன்படுத்தும் ஆய்வகத்துக்கு இந்த இரண்டாம் வகையே உகந்தது என்பது என் கருத்து; துலங்கல் சற்று மெதுவானதாயினும் அடிக்கோடு (மாற்றம் எதுவும் நிகழாதபோது வளைகோடு செல்லும் மட்டம்) எளிதில் நிலைகுலைவதில்லை.

ஒவ்வொரு வாரமும் முதல் ஓட்டம், கருவியின் அளவீட்டைச் சரிபார்க்க உதவும் இண்டியம் என்ற உலோகத்துக்கு உரியது. உருகல் தொடங்கும் புள்ளி 156.6 டிகிரி செல்சியஸிலும், உருகல் வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 28.5 ஜூலிலும் அமைய வேண்டும். வெப்பநிலை அளவு ஒன்பது ஆண்டுகளில் என்னை ஒருமுறையும் கவலைக்குள்ளாக்கியதில்லை. வெப்ப அளவோ அப்படியன்று; உலைக்குள் மாசு படிந்தாலும், கிண்ணத்தின் அடிப்பகுதி சற்றே வளைந்திருந்தாலும், முதலில் நகர்வது அந்த எண்தான். எனவே, உருகுநிலை சரியாக இருக்கிறது என்ற நிறைவோடு வெப்ப அளவைப் பாராமல் கோப்பை மூடிவிடும் மாணவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வாங்கும்போது உணரியின் நுண்மையைப் பற்றி நிறையப் பேசினோம். பயன்படுத்தத் தொடங்கிய பின் பிழைகள் பெரும்பாலும் அலுமினியக் கிண்ணத்திலிருந்தே வந்தன. ஐந்து முதல் பத்து மில்லிகிராம் வரையிலான மாதிரி, கிண்ணத்தின் அடியில் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். உறைநிலை உலர்த்தலில் கிடைக்கும் பஞ்சு போன்ற பாலிமரை அப்படியே இட்டு மூடினால், முதல் சூடாக்கலில் அது இளகிச் சரியும்போது அடிக்கோட்டில் ஒரு படி தோன்றும். அதனைக் கண்ணாடி நிலைமாற்றம், அதாவது விறைப்பான பாலிமர் இளகி நெகிழ்வாகும் மாற்றம், என்று கொள்வது மிக எளிது. நானே அப்படிக் கொண்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று இரண்டாம் ஆண்டில் நேர்ந்தது. புதிதாகத் தொகுத்த ஓர் இணைபாலிமரின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, கூறுகளின் எடைவிகிதத்தைக் கொண்டு ஃபாக்ஸ் சமன்பாடு தரும் மதிப்பைவிட இருபது டிகிரிக்கும் மேல் தாழ்ந்திருந்தது. நெகிழ்வான பக்கச்சங்கிலிகள் எதிர்பார்த்ததைவிட வலுவாகச் செயல்படுகின்றன என்று நான் ஒரு விளக்கத்தையும் எழுதத் தொடங்கிவிட்டேன். பின்னர், சூடாக்கும்போது எடை குறைவதை அளக்கும் வெப்ப எடைப் பகுப்பாய்வில் இட்டபோது, 100 டிகிரிக்கு மேல் நாலைந்து விழுக்காடு எடை சிறுகச் சிறுகக் கழிவது தெரிந்தது. காரணம் பக்கச்சங்கிலி அன்று. 153 டிகிரியில் கொதிக்கும் டைமெத்தில் ஃபார்மமைடு கரைப்பானின் மிச்சமே பாலிமரை இளக்கும் நெகிழ்வூட்டியாக இருந்து அந்த வெப்பநிலையைத் தாழ்த்தியிருக்கிறது. அன்று முதல், எடைப் பகுப்பாய்வு வரைபடம் இல்லாத எந்த மாதிரியும் இந்தக் கருவிக்குள் போவதில்லை. சிதைவு தொடங்கும் வெப்பநிலையை முன்பே அறிந்துகொள்வதால் உலையும் காப்பாற்றப்படுகிறது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கிண்ணத்தை நிறுத்துப் பார்ப்பது எங்கள் இரண்டாவது விதி. எடை குறைந்திருந்தால் அந்த வளைகோட்டைப் பற்றி விவாதிப்பதே வீண்.

முதல் சூடாக்கலை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வெளியிடும் வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். வேதி அமைப்பை ஒப்பிடுவதற்கு அது சரியானதே. ஏனெனில் முதல் சூடாக்கல் மாதிரியின் வெப்ப வரலாற்றை அழித்துவிடுகிறது. ஆனால் செயல்பாட்டுப் பொருள்களில் அந்த வரலாற்றையே பலமுறை நாம் பயன்படுத்துகிறோம். பாலிலாக்டிக் அமிலப் படலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சூடாக்கலில் 60 டிகிரியை ஒட்டிக் கண்ணாடி நிலைமாற்றமும், 100 டிகிரிக்குச் சற்று மேலே வெப்ப உமிழ் முகடாகக் குளிர்ப் படிகமாதலும் (சூடாகும்போதே புதிய படிகங்கள் உருவாதல்), 150க்கு மேல் உருகலும் அடுத்தடுத்து வருகின்றன. கருவியின் மென்பொருள் உருகல் முகட்டின் பரப்பை மட்டும் எடுத்து, முழுப் படிகத்துக்கான கிராமுக்கு 93 ஜூலால் வகுத்து, படிகத்தன்மை முப்பது விழுக்காடு என்று காட்டியது. குளிர்ப் படிகமாதலின் பரப்பைக் கழித்தபோது எஞ்சியது இரண்டு விழுக்காடுகூட இல்லை. அளவிடும்போதே உருவான படிகங்களையே மென்பொருள் எண்ணியிருக்கிறது. என் கையிலிருந்த படலம் ஏறத்தாழ முழுவதும் படிகமற்றது. அந்தத் தானியங்கிக் கணக்கீட்டுப் பொத்தானை நான் இன்றும் பயன்படுத்துவதில்லை. நெடுநாள் அலமாரியில் இருந்த கண்ணாடிநிலைப் பாலிமரில், நிலைமாற்றப் படியின் மேல் முளைக்கும் கூர்முகடும் இத்தகையதே; அது உருகல் அன்று, முதுமையடைந்த மாதிரி தன் என்தால்பியை (உள்ளடங்கிய வெப்ப ஆற்றலை) மீட்டுக்கொள்வதன் அடையாளம்.

ஹைட்ரோஜெல்களைப் பொறுத்தவரை இக்கருவி எனக்குப் பாதி நிறைவையே தந்தது. பாலி(என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு) நீரில் 32 டிகிரியை ஒட்டிச் சங்கிலி சுருங்கும்போது ஒரு சிறிய வெப்பங்கொள் முகடு வரும். காற்றுப்புகா மூடியிட்ட கிண்ணமும், நிமிடத்துக்கு ஒரு டிகிரி போன்ற மெதுவான சூடாக்கலும் இருந்தால் அதைத் தெளிவாகக் காணலாம். செறிவு குறைந்த கரைசலில் முகடு இரைச்சலுக்குள் மறைந்துவிடும், அதற்கு நுண்கலோரிமானிதான் வேண்டும். அடர்த்தியாகக் குறுக்குப் பிணைக்கப்பட்ட வலைப்பின்னல்களிலும் நிலைமாற்றப் படி மிக மங்கலாகவே தெரிகிறது. அவற்றை, அதிர்வு விசை கொடுத்து விறைப்பை அளக்கும் இயங்கு இயந்திரவியல் பகுப்பாய்வுக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே இழப்புக் காரணியின் (அதிர்வாற்றல் வெப்பமாக வீணாகும் அளவின்) உச்சம் டி.எஸ்.சி. மதிப்பைவிடப் பத்து டிகிரிக்கும் கூடுதலாக நிற்பது வழக்கம் என்பதை, இரு எண்களையும் ஒரே அட்டவணையில் இடுவோர் குறிப்பிட்டாக வேண்டும்.

இதற்கு மாறாக, ஃபுரான், மாலிமைடு என்ற வேதிக்குழுக்கள் இணைந்த தன்னொட்டுப் பாலிமர்களில் கருவி மிகச் சிறப்பாக உழைத்தது. பிணைப்புகள் அவிழும் வெப்பங்கொள் முகடு அகலமானது. ஆயினும் ஒரே மாதிரியைச் சூடாக்கி, 60 டிகிரியில் வெவ்வேறு நேரம் வைத்திருந்து, மறுபடி சூடாக்கும்போது அம்முகட்டின் பரப்பு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் கொண்டு மீள்பிணைப்பின் வேகத்தை மதிப்பிட முடிந்தது. இடையில் யாரும் அருகிலிருக்கத் தேவையில்லாத, இரவு முழுவதும் ஓடும் சோதனை அது.

பராமரிப்பில் அதிகம் தொல்லை தந்தது குளிர்விப்பு அலகுதான். நைட்ரஜன் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் குளிர்விப்பை மட்டும் இயங்கவிட்டால் உலையைச் சுற்றிப் பனி படிகிறது; பிறகு பல நாட்களுக்குப் பூச்சியம் டிகிரியருகே எல்லா மாதிரிகளிலும் ஒரே போலி மேடு தோன்றுகிறது. மாதிரி மாற்றும் கை கிண்ணத்தைத் தவறவிட்டது மூன்று முறை. நுரைத்து வழிந்த மாதிரியைக் காற்றோட்டத்தில் 550 டிகிரி வரை எரித்து நீக்கினோம். காலிக் கிண்ணத்தில் அவ்வெப்பம் அபாயமில்லை, ஆனால் அலுமினியம் 660இல் உருகும் என்பதை மேசைமுன் எழுதி ஒட்டியிருக்கிறேன். மென்பொருள் பழைய கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பது எரிச்சலூட்டுவது. மூலத்தரவை எளிய எழுத்துக் கோப்பாகவும் உடனுக்குடன் சேமித்துவிடுங்கள்.

மீண்டும் வாங்குவதானால் இதே வகையைத்தான் வாங்குவேன். உணரியின் உயர்தர வடிவத்துக்குக் கேட்கும் கூடுதல் பணத்தை, நல்ல ஆறிலக்கத் தராசுக்கும் கிண்ணம் மூடும் அழுத்தியின் தரமான அச்சுக்கும் ஒதுக்குவேன். மாற்றுக் கருவி வந்து சேரும் நாளில், ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கும் அதே இண்டியக் கிண்ணத்தை இரண்டிலும் அடுத்தடுத்து ஓட்டி, அவ்விரு வளைகோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்ட பிறகே பழையதன் மின்னிணைப்பைத் துண்டிப்பதாக இருக்கிறேன்.