இரண்டு பென்னிக் காசும் இரண்டு மேரி பாப்பின்ஸ்களும்

டிஸ்னியின் 'மேரி பாப்பின்ஸ்' வந்தது 1964-இல். அதன் தொடர்ச்சியான 'மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்' வந்தது 2018 டிசம்பரில். நடுவில் 54 வருடம். குடையைப் பிடித்துக்கொண்டு வானத்திலிருந்து இறங்கி, லண்டன் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மாயக்கார ஆயாவின் கதை இது. இவ்வளவு காலம் கழித்து எடுத்த இரண்டாம் பாகம் முதல் படத்துக்கு ஈடாக நிற்கிறதா என்று கேட்டால், என் பதில்: பல இடங்களில் நிற்கிறது, ஓர் இடத்தில் மிஞ்சியே நிற்கிறது, ஆனால் முடிவில் சறுக்கிவிடுகிறது. அந்தச் சறுக்கல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதல் படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அதையே அது கலைத்துவிடுகிறது.

கதை முழுவதையும் சொல்லித்தான் இதைப் பேச முடியும். படங்களை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் மேரி பாப்பின்ஸையே எடுத்துக்கொள்வோம். ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அது முதல் சினிமா. மேடையில் 'மை ஃபேர் லேடி'யின் நாயகியாகப் புகழ் பெற்றிருந்தவரை, அது படமானபோது ஒதுக்கிவிட்டு ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார்கள். வால்ட் டிஸ்னியோ ஜூலி கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்தும் பிரசவம் முடியும்வரை காத்திருந்து நடிக்க வைத்தார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. அவருடைய மேரி பாப்பின்ஸ் குரலை உயர்த்தாமலே கண்டிப்பானவர். பிள்ளைகளிடம் அன்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ஆனால் அந்த அன்பு நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

எமிலி பிளன்ட்டுக்குக் கிடைத்தது அதைவிடக் கஷ்டமான வேலை. ஜூலியைப் போலச் செய்தால் நகல் என்பார்கள், மாற்றிச் செய்தால் இது மேரி பாப்பின்ஸே இல்லை என்பார்கள். அவர் பி. எல். டிராவர்ஸின் புத்தகங்களில் வரும் மேரி பாப்பின்ஸின் பக்கம் சாய்ந்துவிட்டார். 1934-இல் தொடங்கிய அந்தப் புத்தகங்களில் அவள் இன்னும் வெடுக்கென்று பேசுபவள், கண்ணாடியில் தன்னைப் பார்த்து ரசித்துக்கொள்பவள், எதையும் விளக்கிச் சொல்லாதவள். பிளன்ட்டிடம் அந்தக் கர்வமும் இருக்கிறது, கண்ணோரம் ஒரு குறும்பும் இருக்கிறது. படம் நடக்கும் காலத்தையும் 1930-களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், புத்தகங்களும் அந்தக் காலத்தவைதான். முதல் படம்தான் 1910-க்குப் பின்னோக்கிப் போயிருந்தது. ஆக நடிகையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜூலியின் குரல் வளம் பிளன்ட்டுக்குக் கிடையாது, அவ்வளவுதான். அது யாருக்கும் கிடையாது.

பாட்டு விஷயத்தில் போட்டி சமமில்லை. ஷெர்மன் சகோதரர்கள் ரிச்சர்டும் ராபர்ட்டும் 1964-இல் போட்ட மெட்டுகள் ஒருமுறை கேட்டாலே ஒட்டிக்கொள்பவை. 'சிம் சிம் செரீ'க்கு ஆஸ்கர் கிடைத்தது. இரண்டாம் பாகத்துக்கு மார்க் ஷைமனும் ஸ்காட் விட்மனும் பாட்டு எழுதினார்கள். திறமைசாலிகள், முதல் படத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பழைய வீட்டின் அஸ்திவாரத்திலேயே, அதே அறைகள் அதே இடத்தில் வருமாறு புது வீடு கட்டியதைப் போல இருக்கிறது. அங்கே நடைபாதை ஓவியத்துக்குள் குதித்துக் கார்ட்டூன் உலகத்துக்குப் போனார்கள், இங்கே பீங்கான் கிண்ணத்தில் வரைந்த படத்துக்குள் போகிறார்கள். அங்கே சிரித்துச் சிரித்துக் கூரைவரை மிதக்கும் மாமா, இங்கே வீடே தலைகீழாகிவிடும் டாப்ஸி. அங்கே கூரைமேல் ஆடிய புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள், இங்கே தெருவில் ஆடும் விளக்கேற்றுபவர்கள். அங்கே முடிவில் பட்டம், இங்கே பலூன். அடுத்து என்ன வரும் என்று முதல் படம் பார்த்தவர்களால் சொல்லிவிட முடிகிறது. மாயாஜாலக் கதையில் ஆச்சரியம் போய்விட்டால் பாதி போய்விட்டது. டாப்ஸியாக வரும் மெரில் ஸ்ட்ரீப்பின் பாட்டைத் தூக்கிவிட்டாலும் கதையில் ஒன்றும் குறையாது.

தொழில்நுட்பத்தில் இரண்டு படங்களும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. 1964-இல் நடிகர்களைக் கார்ட்டூனோடு சேர்க்கக் கணினி கிடையாது. நடிகர்களை மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி பாய்ந்த திரைக்கு முன்னால் நிறுத்திப் படம்பிடித்து, கேமராவுக்குள் இருந்த விசேஷப் பட்டகத்தால் அந்த ஒளியை மட்டும் தனியே பிரித்து எடுத்தார்கள். அதனால்தான் தொப்பியிலிருந்து தொங்கும் மெல்லிய வலைத்துணிகூட கார்ட்டூன் பின்னணியில் பிசிறில்லாமல் தெரிகிறது. அந்த லண்டனும் லண்டன் இல்லை. கலிஃபோர்னியாவில் டிஸ்னி ஸ்டுடியோவுக்குள்ளேயே முழுப் படத்தையும் எடுத்தார்கள், நகரத்தின் கூரைகளையும் அந்தி வானத்தையும் பீட்டர் எலன்ஷா கண்ணாடிமேல் தீட்டினார். 2018-இல் இயக்குநர் ராப் மார்ஷல் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் கணினியிலேயே முடித்திருக்கலாம். கிண்ணத்துக்குள் வரும் காட்சியைக் கையால் வரைந்த கார்ட்டூனாகவே வைத்துக்கொண்டார். நடிகர்களின் உடைகளையும் தூரிகையால் தீட்டியதைப் போலவே செய்திருந்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்காக அவரைக் கும்பிட வேண்டும். இந்த ஒரு காட்சியில் இரண்டாம் பாகம் முதல் படத்துக்குத் தோளோடு தோள் நிற்கிறது.

நடனத்தில் எனக்கு முதல் படம்தான். விளக்கேற்றுபவர்கள் ஏணியும் சைக்கிளுமாகப் பிரமாதமாக ஆடுகிறார்கள், அவர்களில் ஒருவராக வரும் லின்-மானுவேல் மிராண்டா சுறுசுறுப்பாகவே இருக்கிறார். ஆனால் 'ஸ்டெப் இன் டைம்' பாட்டில் புகைபோக்கி சுத்தம் செய்பவராக வரும் டிக் வான் டைக் கூரைமேல் ஆடும்போது ஒரு முரட்டுச் சந்தோஷம் இருக்கும். அவருடைய லண்டன் உச்சரிப்பை ஆங்கிலேயர்கள் இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள், செய்துகொள்ளட்டும். இரண்டாம் பாகத்திலும் அவர் வருகிறார். முதல் படத்தில் வங்கியின் கிழட்டு முதலாளி டாஸாகவும் வேஷம் கட்டியவர் அவர், இங்கே அந்தக் கிழவரின் மகனாக, தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், மேஜைமேல் ஏறி ஆடுகிறார். மனசு நிறைந்துபோகும்.

இனி இரண்டாம் பாகம் மிஞ்சி நிற்கும் இடத்துக்கு வருகிறேன். முதல் படத்தின் பொடியன் மைக்கேல் பேங்க்ஸ் இப்போது மூன்று பிள்ளைகளின் தகப்பன், மனைவியை இழந்து ஒரு வருடம் ஆனவன். பென் விஷா அந்த வேஷத்தில் மனைவியின் பொருட்கள் கிடக்கும் பரண் அறையில் தனியாக நின்று, அவளிடம் பேசுவதைப் போலப் பாடுகிறார். பாதிப் பாட்டு, பாதிப் பேச்சு. வீட்டுக்கணக்கைக்கூட நீதானே பார்த்துக்கொள்வாய் என்று புலம்பும் ஒரு சாதாரண மனிதனின் துக்கம். முதல் படத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது, அந்தக் கதைக்குத் தேவையும் இருக்கவில்லை.

அதைத் தொடர்ந்து வருவது தாலாட்டு. முதல் படத்தின் 'ஃபீட் தி பேர்ட்ஸ்' இருக்கும் இடத்தில் இங்கே 'தி பிளேஸ் வேர் லாஸ்ட் திங்ஸ் கோ' இருக்கிறது. தொலைந்துபோனவை எதுவும் இல்லாமல் போய்விடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் இருக்கின்றன என்று மேரி பாப்பின்ஸ் தாயில்லாப் பிள்ளைகளுக்குப் பாடுகிறார். பிறகு கவலையில் வெடித்துக் கத்திவிட்ட அப்பாவுக்குக் கடைக்குட்டி ஜார்ஜி அதே பாட்டைத் திருப்பிப் பாடுகிறான். தேற்ற வேண்டியவனைப் பிள்ளை தேற்றுகிறது. அம்மா பிள்ளைகளின் நடையிலும் சிரிப்பிலும் இருக்கிறாள் என்று மைக்கேலுக்கு அப்போதுதான் உறைக்கிறது. இழப்பைப் பற்றிக் குழந்தைகளிடம் பொய் சொல்லாமல் பேசும் படங்கள் குறைவு. இந்தக் காட்சிக்காகவே இந்தப் படத்தை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

படம் அந்தத் துக்கத்திலேயே நின்றிருக்கலாம். அதற்குப் பதிலாக வீட்டு ஜப்திக் கதையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. மைக்கேல் வீட்டின்மேல் கடன் வாங்கியிருக்கிறான், தவணை கட்டவில்லை, நாள் குறித்துவிட்டார்கள். அப்பா விட்டுப்போன பங்குப் பத்திரம் கிடைத்தால் வீடு தப்பும். ஊருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு, உள்ளே வீட்டைப் பறிக்கத் திட்டம் போடும் வங்கிக்காரர் வில்கின்ஸாகக் கோலின் ஃபர்த்.

முதல் படத்தில் வில்லன் என்று யாருமே இல்லை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அந்த வங்கிக் கிழவர்கள்கூட கடைசியில் பூங்காவில் பட்டம் விடுகிறார்கள். டேவிட் டாம்லின்சன் நடித்த அப்பா ஜார்ஜ் பேங்க்ஸ் கெட்டவர் இல்லை. சரியான நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தன் உலகத்துக்குள் போய்விடும் மனிதர். பிள்ளைகளை அவருக்குத் தெரியாது. மேரி பாப்பின்ஸ் வந்தது பிள்ளைகளைத் திருத்த இல்லை, அவரை மீட்க.

அந்த மீட்பு இரண்டு பென்னியில் நடக்கிறது. செயின்ட் பால் தேவாலயப் படியில் ஒரு கிழவி புறாக்களுக்கான தீனியைப் பொட்டலம் இரண்டு பென்னிக்கு விற்கிறாள். மைக்கேல் தன் காசைக் கொடுத்து அதை வாங்கப் பார்க்கிறான். அப்பா தடுத்து, அதை வங்கியில் போட்டால் எப்படிப் பெருகும் என்று காட்டக் கூட்டிப்போகிறார். கிழட்டு டாஸ் காசைப் பிடுங்க, பையன் என் காசைத் திருப்பிக் கொடு என்று கத்த, அதைக் கேட்ட வாடிக்கையாளர்கள் பயந்து எல்லாரும் தங்கள் பணத்தைக் கேட்க, வங்கி நிலைகுலைகிறது. அப்பாவுக்கு வேலை போகிறது. இரவில் கூப்பிட்டு அனுப்பி, அவர் சட்டையிலிருந்த பூவைப் பிய்த்து, குடையைக் கிழித்து, தொப்பியைக் குத்திச் சிதைக்கிறார்கள். பிள்ளைகள் மன்னிப்பாகக் கொடுத்த இரண்டு பென்னி அவர் பையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவருக்குச் சிரிப்பு வருகிறது. இந்தாருங்கள் உங்கள் காசு என்று டாஸிடம் நீட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் கிழிந்த பட்டத்தை ஒட்டுகிறார். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடும் அம்மா தோளில் அணியும் பட்டையை அதற்கு வாலாகக் கட்டுகிறார்கள்.

வால்ட் டிஸ்னிக்கு ரொம்பப் பிடித்த பாட்டு 'ஃபீட் தி பேர்ட்ஸ்'. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஷெர்மன் சகோதரர்களைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். அந்தப் பாட்டுக்குள் படத்தின் உயிர் இருக்கிறது: கையிலிருக்கும் சின்னக் காசைப் பெருக்குவதைவிட, பசித்த ஓர் உயிருக்குப் போட்டுவிடுவது மேல்.

2018-இல் அதே இரண்டு பென்னி திரும்பி வருகிறது. பங்குப் பத்திரத்தில் கையெழுத்துள்ள துண்டு கிடைக்கவில்லை என்று வில்கின்ஸ் கைவிரிக்கும்போது, இளைய டாஸ் வந்து சொல்கிறார்: அன்று நீங்கள் கொடுத்த இரண்டு பென்னியை நாங்கள் சாமர்த்தியமாக முதலீடு செய்தோம், அது உங்கள் கடனை அடைக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. வீடு பிழைக்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழட்டு டாஸ் 1964-இல் பாடிக்காட்டிய கணக்கு அதுதானே? போடு, பெருகும், பின்னால் உதவும். அந்தக் கணக்கைத்தானே பையன் கத்தி உடைத்தான், அப்பா சிரித்து உதறினார்? இரண்டாம் பாகம் கிழவர் சொன்னதே சரி என்று தீர்ப்பு எழுதிவிட்டது. காசைப் பறவைகளுக்குப் போட்டிருந்தால் வீடு ஜப்தியாகியிருக்கும் என்றுதான் அர்த்தமாகிறது. வேண்டுமென்று இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். பழைய படத்தின் ஒரு பொருளை எடுத்து வந்து காட்டினால் ரசிகர்கள் நெகிழ்வார்கள் என்ற ஆசையில், அந்தப் பொருள் எதற்காக அங்கே இருந்தது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.

மாயமும் அதே கதிதான் அடைகிறது. முதல் படத்தில் மேரி பாப்பின்ஸ் அப்பாவின் வேலையைத் திருப்பித் தரவில்லை, பணம் தரவில்லை. இங்கே கெடு முடியும் நள்ளிரவில் பறந்து போய்ப் பெரிய கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி நேரம் வாங்கித் தருகிறார். பார்க்கப் பரபரப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அது எந்த சாகசக்காரரும் செய்யக்கூடிய வேலை. 1964 படத்தின் முடிவில் குடும்பமே பட்டம் விட ஓடிவிடும், அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட யாரும் நிற்க மாட்டார்கள். குடைப்பிடியிலுள்ள கிளி அதைக் குத்திக்காட்டும்போது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்பாள் மேரி பாப்பின்ஸ். ஜூலியின் கண்கள் கலங்கியிருக்கும்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முதல் படத்தை முதலில் போடுங்கள். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், சின்னவர்களுக்கு இரண்டு நாளாகப் பிரித்தும் காட்டலாம். இரண்டாம் பாகத்தில் ஓநாய் துரத்தும் காட்சியில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயப்படக்கூடும், பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் யாரையாவது சமீபத்தில் இழந்திருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றி 2018 படத்தை முதலில் போடலாம். ஜார்ஜி பாடும் அந்தக் காட்சி, பெரியவர்கள் பேசத் தயங்கும் பேச்சைத் தொடங்கி வைக்கும்.