ஜெய்சல்மேர்: கோட்டைக்குள்ளா, கோட்டைக்குக் கீழேயா, மணலிலா?

ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சல்மேர் போவதென்று முடிவானதும் வீட்டில் முதல் சண்டை எங்கே தங்குவது என்பதில்தான் வரும். ஊர் சின்னது. பழைய நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் அறை எங்கே என்பதைப் பொறுத்துப் பயணமே வேறாகிவிடுகிறது.

வழிகள் மூன்று. 1156இல் ராவல் ஜெய்சல் என்ற மன்னர் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள்ளேயே அறை எடுப்பது ஒன்று. கோட்டைக்குக் கீழே, பழைய நகரத்துச் சந்துகளில் தங்குவது இன்னொன்று. மேற்கே 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாம் மணல்மேடுகளில் கூடாரத்தில் படுப்பது மூன்றாவது. நாங்கள் கீழே தங்கினோம். கூட வந்தவர்கள் விடாததால் மணலிலும் படுத்துப் பார்த்தோம். கோட்டைக்குள் தங்கவில்லை, வேண்டுமென்றேதான். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். அக்டோபர் முதல் மார்ச் வரைதான் பருவம். மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்போது எந்த அறையில் தங்கினாலும் ஒன்றுதான். சைவச் சாப்பாட்டுக்கு எங்கும் பஞ்சமில்லை. மலிவான அறையும் ஆடம்பர அறையும் மூன்று இடத்திலும் உண்டு, அதனால் காசு இந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்காது.

முதலில் மணல். சாம் என்றதும் மனத்தில் வருவது ஆளரவமற்ற மணல், தலைக்குமேல் நட்சத்திரம், தூரத்தில் ஓர் ஒட்டகம். பருவ காலத்தில் அங்கே இருப்பது சாலையின் இருபுறமும் வரிசையாகக் கூடார முகாம்கள். மாலையில் எல்லா முகாம்களின் விருந்தினர்களும் ஒரே மணல்மேட்டுக்குச் சூரிய அஸ்தமனம் பார்க்க வருகிறார்கள். ஜீப்புகள் உறுமுகின்றன, ஒட்டகக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். இருட்டியதும் ஒவ்வொரு முகாமிலும் மேடை, விளக்கு, பாட்டு. மாங்கணியார் பாடகர்களின் குரலை அருகில் உட்கார்ந்து கேட்பது தனி அனுபவம். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கால்பேலியா நடனமும் இங்கே ஆடப்படுகிறது. ஆனால் எங்கள் முகாமில் அதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்து, பிறகு ஒலிபெருக்கியில் இந்திப் படப்பாட்டு தொடங்கிவிட்டது. பக்கத்து முகாமில் வேறொரு பாட்டு. இரண்டும் கலந்து நெடுநேரம் கேட்டது. நட்சத்திரம் பார்க்க விளக்கில்லாத இடம் தேடி நடக்க வேண்டியிருந்தது.

குழந்தைகள் இருந்தால் இதே இரைச்சல் அவர்களுக்குத் திருவிழா, அதை மறுக்கவில்லை. ஆனால் மணலைப் பார்க்க அங்கே தூங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சாலை நன்றாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் நகரத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு, போகும் வழியில் பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப்போன குல்தாரா கிராமத்தைப் பார்த்து, மணலில் அஸ்தமனம் முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் தென்மேற்கே குரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே முகாம்கள் குறைவு, இரைச்சலும் குறைவு என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அங்கே தங்கியதில்லை, ஆகையால் அவர்கள் வாக்கை அப்படியே தருகிறேன்.

இனி கோட்டை. உண்மையான போட்டி இதற்கும் கீழ் நகரத்துக்கும்தான்.

கோட்டைக்குள் தங்குவதில் இருக்கும் ஆசை நியாயமானது. இந்தியாவில் பெரும்பாலான கோட்டைகள் மாலையானதும் கதவடைக்கப்படும் காட்சிப்பொருள்கள். இங்கே சில ஆயிரம் பேர் இன்னும் குடியிருக்கிறார்கள். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று (‘போல்’ என்றால் அங்கே வாசல்) வாசல் வாசலாக ஏறி உள்ளே போனால் துணி காய்கிறது, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மாடு வழிமறித்து நிற்கிறது. பகல் கூட்டம் இறங்கிப்போன பிறகும் விடிவதற்கு முன்பும் அந்தச் சந்துகளில் நடப்பது அங்கே அறை எடுத்தவருக்கு மட்டும் எளிதில் கிடைக்கும் சலுகை. சமணக் கோயில்களின் வாசலுக்குக் காலையில் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். கொத்தளத்தின் மேலேயே கட்டிய அறைகளில் சன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பாலைவனம்.

இடைஞ்சல்களும் உண்டு. கார் உள்ளே வராது, பெட்டியை ஏற்றத்தில் இழுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தச் செங்குத்துப் படிகள் வேண்டவே வேண்டாம். ஆனால் இதற்காக யாரும் கோட்டையை விட்டுவிட மாட்டார்கள். நான் விட்டதற்குக் காரணம் தண்ணீர்.

கோட்டை நிற்கும் திரிகூட மலை சுமார் 250 அடி உயரம். மலை என்று பெயரே தவிர, கருங்கல் பாறை இல்லை. மணற்கல்லும் களிமண் அடுக்குகளும் கலந்த மெத்தென்ற குன்று. அந்தக் களிமண் காய்ந்திருக்கும்வரை பாரத்தைத் தாங்கும். ஈரம் ஏறினால் ஊறி, வழுக்கி, மேலே இருப்பதையும் இழுத்துக்கொண்டு இறங்கும். வெல்லக் கட்டியின் மேல் ஓட்டைச் செம்பை வைத்தது போன்ற நிலைமை.

எண்ணூறு ஆண்டுகள் இது பிரச்சினையாகவே இல்லை. ஆண்டு மழை ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான், சென்னைக்குப் பெய்வதில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. அந்தக் கொஞ்ச மழையையும் குன்றின் மேல் தேங்கவிடாமல் வெளியே தள்ள ‘குட் நாலி’ என்ற வடிகால் அமைப்பு இருந்தது. குடிக்கவும் புழங்கவும் தண்ணீர் கீழே கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து மேலே வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றம் ஏறியவர் அதை வீணாகக் கொட்ட மாட்டார். ஒரே தண்ணீர் பாத்திரம் கழுவி, பிறகு மாட்டுக்கோ செடிக்கோ போய்ச் சேரும். குன்றுக்குள் இறங்க மிச்சம் இருக்காது.

அப்புறம் குழாய் வந்தது. பஞ்சாபின் ஹரிகேயில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாய் இந்தப் பாலைவன மாவட்டத்துக்கே தண்ணீர் கொண்டுவந்தது. அது வரம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோட்டைக்குள் குழாய் வந்ததோடு நிற்கவில்லை, சுற்றுலாவும் வந்தது. வீடுகள் விருந்தினர் விடுதிகள் ஆயின. ஒவ்வோர் அறைக்கும் குளியலறை, ஷவர், ஃப்ளஷ் கழிப்பறை. ஊர் சுற்றிப் புழுதியோடு திரும்பும் பயணி காலையும் மாலையும் குளிக்கிறார். குடத்துத் தண்ணீருக்கென்று அமைந்த பழைய வடிகால்களால் இதைத் தாங்க முடியவில்லை. கசிந்த நீர் அடித்தளக் களிமண்ணில் இறங்கியது. 1990களின் பிற்பாதியிலும் 2000ஐ ஒட்டியும் கொத்தளங்களின் பகுதிகள் இடிந்து விழுந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது.

அதன் பிறகு வேலைகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சுவர்கள் பல இடங்களில் கட்டப்பட்டன, கழிவுநீர்க் குழாய்கள் மாற்றப்பட்டன. 2013இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் வீட்டைப் பழுதுபார்க்கவே அனுமதி வாங்க வேண்டும். குழாய் ஒழுகினால் நம் ஊரில் போல உடனே சுவரை உடைத்துப் பார்த்துவிட முடியாது.

‘கீழே தங்கினாலும் அதே கால்வாய்த் தண்ணீரில்தானே குளிக்கிறாய்?’ என்று கூட வந்த ஒருவர் கேட்டார். சரியான கேள்விதான். தண்ணீர் ஒன்றுதான், அது போய் இறங்கும் இடம் வேறு. கீழ் நகரம் தட்டையான தரையில் இருக்கிறது. அங்கே கசிந்தால் ஒரு வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும். மேலே கசிந்தால் கொத்தளம் சரியும்.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த அறைகள்தான் பிழைப்பு. பயணிகள் ஒட்டுமொத்தமாக ஒதுங்கிவிட்டால் அந்தக் குடும்பங்கள் வெளியேறும். ஆளில்லாத கோட்டையும் நல்ல கோட்டை இல்லை. வடிகாலைச் சரிசெய்வது அரசாங்கத்தின் வேலை, பயணியின் தலையில் ஏன் பாரம் என்றும் கேட்கலாம். இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. நாங்கள் செய்தது இதுதான்: படுக்கையும் குளியலும் கீழே, செலவு மேலே. காலை டீ, மதியச் சாப்பாடு, போர்வை வாங்கியது, வழிகாட்டிக்குக் கொடுத்தது எல்லாம் கோட்டைக்குள்ளேயே. நீங்கள் மேலேதான் தங்குவேன் என்றால், கொத்தளத்தின் மேலேயே அமைந்த அறையைத் தவிர்த்து உள்தெருவில் பாருங்கள். வாளியில் குளியுங்கள், துணியைக் கீழே சலவைக்குப் போடுங்கள். ‘குளியலறையைக் கடைசியாக எப்போது சரிசெய்தீர்கள்?’ என்று கேட்டால் உரிமையாளர் ஒரு மாதிரி பார்க்கலாம், பரவாயில்லை.

கீழே தங்குவதைத் தியாகம் என்று நினைக்க வேண்டாம். பொழுது சாயும்போது மஞ்சள் கல் பொன்னாக மாறுவதைச் சுவருக்கு உள்ளே இருப்பவர் பார்க்க முடியாது. அதற்குக் கீழே ஒரு மொட்டை மாடி வேண்டும். கீழ் நகரத்தின் பழைய விடுதிகள் பலவற்றில் மாடிதான் சாப்பாட்டு அறையும். ஆனால் ‘ஃபோர்ட் வியூ’ என்று எழுதாத விடுதியே இல்லை என்பதால் எந்தத் திசை என்று கேட்டு அறை போடுங்கள். கோட்டைக்கு மேற்கிலும் வடமேற்கிலும், அதாவது ‘அமர் சாகர் போல்’ வாசல் பக்கமாக மாடி இருந்தால் மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து சுவரில் விழும். கிழக்கே, கடிசர் ஏரிப் பக்கம் இருந்தால் காலை வெயிலில்தான் அந்த நிறம். தாமதமாக எழுகிறவர்கள் மேற்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாமல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கோட்டையின் ஓர் ஓரம் மட்டும் தெரியும் மாடிகளும் உண்டு. படத்தை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

பட்வோன் கி ஹவேலி, நத்மல் ஹவேலி, சலீம் சிங் ஹவேலி என்ற பழைய மாளிகைகள் மூன்றும் கீழேதான் இருக்கின்றன. கல்லில் சல்லடைபோல் செதுக்கிய அந்த முகப்புகளைச் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன் போய்ப் பார்க்கலாம். ரயில் நிலையம் ஆட்டோவில் கொஞ்ச தூரம். சந்துகள் குறுகல் என்பதால் இங்கேயும் சில விடுதிகளின் வாசல்வரை வண்டி வராது, ஆனால் ஏற்றம் இல்லை.

அறை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், கல் வீடு அந்தக் குளிரை விடியும்வரை பிடித்து வைத்திருக்கும். அதனால் ஏசியைவிட கீசரும் ரஜாய் என்ற கனமான பஞ்சுப் போர்வையும்தான் முக்கியம். இன்னொன்று, நம்ப முடியாத விலைக்கு அறை கிடைத்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஒட்டகச் சவாரி காத்திருக்கும். சவாரியைத் தங்களிடமே எடுக்க வேண்டும் என்று நெருக்குவார்கள், மறுத்தால் முகம் மாறும். அறை வாடகை தனி, சவாரி தனி என்று வருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சாம் சாலையிலும் ஜோத்பூர் சாலையிலும் அரண்மனை மாதிரி கட்டிய பெரிய ஓட்டல்கள் உண்டு. அவற்றில் நான் தங்கியதில்லை. நீச்சல் குளமும் அமைதியும் வேண்டுபவர்களுக்கு அவை பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஊருக்குள் வரவும் வண்டி வேண்டும், மாலை டீக்குச் சந்தில் இறங்கி நடப்பதெல்லாம் நடக்காது.

மணலில் ஓர் இரவாவது வேண்டும் என்பவர்கள் நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்துத் தேதி குறியுங்கள். பாலைவனத் திருவிழா வடநாட்டு மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ நடக்கிறது. அந்த நாட்களில் மூன்று இடங்களிலும் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறியிருக்கும். நிலவு வெளிச்சத்தில் நட்சத்திரமும் அவ்வளவாகத் தெரியாது. திருவிழாவுக்குப் போகிறவர்கள் கீழ் நகரத்தில் முன்கூட்டியே அறை போட்டுவிட்டு, மணலுக்கு மாலையில் போய்வருவதே வசதி.