டிஆர்பியா, பிசிஎம்ஆரா, விஏவா: அமெரிக்க ராணுவத்துல வாங்கின கெட்ட டிஸ்சார்ஜுக்கு எங்க போய் முட்டறது?

அமெரிக்க ராணுவத்துல கிரீன் கார்டு இருந்தாலே சேரலாம், சிட்டிசன்ஷிப்பும் சீக்கிரம் வந்துரும்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா மொத்தம் 5 வருஷம் ஒழுங்கா சர்வீஸ் பண்றதுக்குள்ள கெட்ட டிஸ்சார்ஜ்ல, அதாவது ராணுவம் கெட்ட முத்திரை குத்தி அனுப்பி வெளிய வந்தா, அப்படி வாங்கின சிட்டிசன்ஷிப்பைப் பிடுங்கிக்கவும் சட்டத்துல இடம் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. அதனால அங்க இருக்கற நம்ம ஆளுங்களுக்கும் இது தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்தான்.

டிஸ்சார்ஜ் வகைகளை வேகமா பாத்துருவோம். மேல ஹானரபிள், அடுத்து ஜெனரல், அதுக்கும் கீழ அதர் தேன் ஹானரபிள், சுருக்கமா ஓடிஎச். இந்த மூணும் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவக் கோர்ட் விசாரணை, இல்லாம பேப்பர்லயே முடிஞ்சுரும். பேட் கண்டக்ட், டிஸ்ஹானரபிள் ரெண்டும் கோர்ட் மார்ஷல் கொடுக்கற தண்டனை. யூரின் டெஸ்ட்ல மாட்டினவன், லீவு சொல்லாம காணாம போனவன், சார்ஜென்ட்டோட மல்லுக்கு நின்னவன் எல்லாம் பெரும்பாலும் ஜெனரல் இல்லன்னா ஓடிஎச்சோட வீட்டுக்கு வருவான். ஜெனரல்னாலே ஜிஐ பில் படிப்புக் காசு போச்சு. ஓடிஎச்னா விஏ (முன்னாள் ராணுவத்தினரைக் கவனிக்கற அரசுத் துறை) ஆஸ்பத்திரி, உடல் பாதிப்புக்குத் தர்ற மாச உதவித்தொகைன்னு எல்லாத்துலயும் இழுபறி. வேலைக்குப் போனா டிடி-214ங்கற டிஸ்சார்ஜ் பேப்பர் எங்கன்னு கேப்பாங்க, அந்தப் பேப்பர்ல ஏன் வெளிய அனுப்புனாங்கன்னு பச்சையா எழுதியிருக்கும்.

ஆறு மாசம் கழிச்சா டிஸ்சார்ஜ் தானா அப்கிரேட் ஆயிரும்னு பாரக்ஸ்ல ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. சுத்தப் பொய். நீங்க போய் கேட்டாத்தான் உண்டு, கேட்டாலும் தருவாங்கன்னு கேரண்டி கிடையாது.

முதல் வழி டிஆர்பி, அதாவது டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு. 1944ல ஜிஐ பில் சட்டத்தோடயே வந்தது, ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ்னு தனித்தனியா இருக்கு. டிடி-293 ஃபார்ம் போடணும், டிஸ்சார்ஜ் ஆகி 15 வருஷத்துக்குள்ள போடணும், அந்தக் கெடு தாண்டிட்டா என்ன காரணம் சொன்னாலும் எடுக்க மாட்டாங்க. ரெண்டே கேள்விதான் பாப்பாங்க, நடைமுறை சரியா நடந்துச்சா, முடிவு நியாயமா இருந்துச்சா. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது நேர்ல பேசற வாய்ப்பு. முதல்ல பேப்பரை மட்டும் பாருங்கன்னு கேக்கலாம், அது தோத்தா அந்த 15 வருஷத்துக்குள்ள ஹியரிங் கேக்கலாம், ஆக ஒரே எடத்துல ரெண்டு சான்ஸ். நேரா ஹியரிங் போயிட்டா அப்புறம் பேப்பர் ரிவ்யூ கிடையாது, அதனால வரிசை முக்கியம். இன்னொரு நிம்மதி, போர்டால உங்க டிஸ்சார்ஜை இப்ப இருக்கறதை விட மோசமாக்க முடியாது.

குறையும் இருக்கு. ஜெனரல் கோர்ட் மார்ஷல்ங்கற பெரிய ராணுவக் கோர்ட் கொடுத்த டிஸ்சார்ஜைத் தொடவே மாட்டாங்க, அதுக்குக் கீழ இருக்கற ஸ்பெஷல் கோர்ட் மார்ஷல் கொடுத்த பேட் கண்டக்ட்னா கருணை அடிப்படைல மட்டும் பாப்பாங்க. மெடிக்கல் ரிடையர்மென்ட் கேட்டீங்கன்னா அது எங்க வேலை இல்லம்பாங்க.

ரெண்டாவது பிசிஎம்ஆர், ராணுவ ரெக்கார்டுகளைத் திருத்தற போர்டு. நேவியிலயும் மரீன்ஸ்லயும் இதையே பிசிஎன்ஆர்னு சொல்லுவாங்க. 1946ல வந்தது, உக்காந்திருக்கறவங்க சிவிலியன்ஸ், ஃபார்ம் டிடி-149. தப்பு தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம்னு கெடு இருக்கு, ஆனா நியாயத்துக்காக அதைத் தள்ளி வைக்கலாம்னு சட்டமே சொல்லுது, அதனால 40, 50 வருஷம் கழிச்சும் ஆளுங்க போறாங்க. அதிகாரமும் பெருசு, டிஸ்சார்ஜை மெடிக்கல் ரிடையர்மென்டா மாத்தலாம், பழைய சம்பள பாக்கி வாங்கித் தரலாம், திரும்ப சர்வீஸ்ல சேர்க்கலாம். கோர்ட் மார்ஷல்னா மட்டும் இங்கயும் தண்டனைல கருணை காட்டறதோட சரி. ஆனா ஹியரிங் கிடைக்கறது ரொம்ப அபூர்வம், கொடுக்கறதா வேண்டாமான்னு போர்டே முடிவு பண்ணும், பெரும்பாலும் உங்க முகத்தைப் பாக்காமலே பேப்பர்ல முடிச்சுருவாங்க. 15 வருஷம் தாண்டாத ஆளு முதல்லயே இங்க வந்து நின்னா, போய் டிஆர்பியைப் பாத்துட்டு வான்னு திருப்பி அனுப்பிருவாங்க.

இந்த 15 வருஷக் கோடு யாரை அடிக்குதுன்னு பாத்தா கோவம் வரும். பிடிஎஸ்டின்னு, போர் மாதிரி பயங்கரத்தை அனுபவிச்சவங்களுக்கு வர்ற மனநோய், டாக்டருங்க புக்குல ஏறினதே 1980லதான். வியட்நாம்ல இருந்து 1970 வாக்குல திரும்பி வந்து, தூக்கம் இல்லாம குடிச்சு, சண்டை போட்டு, சொல்லாம கொள்ளாம காணாம போய் கெட்ட பேப்பரோட வெளிய வந்தவனுக்கு, தனக்கு என்ன வியாதின்னு சொல்ல அன்னிக்கு ஒரு டாக்டரும் கிடையாது, வியாதிக்குப் பேர் வந்து ஊரெல்லாம் புரிஞ்சுக்கறதுக்குள்ள டிஆர்பி கெடுவும் முடிஞ்சு போச்சு. அவனுக்கு மிச்சம் பிசிஎம்ஆர் மட்டும்தான், அங்கயும் பெரும்பாலும் அவன் வாயால கதையைச் சொல்ல முடியாது.

இது 2014 செப்டம்பர்லதான் கொஞ்சம் மாறுச்சு. அப்ப டிஃபென்ஸ் செக்ரட்டரியா இருந்த சக் ஹேகல், பிடிஎஸ்டி கேஸ்னா தாராள மனசோட பாருங்கன்னு திருத்தற போர்டுகளுக்கு மெமோ போட்டாரு. 2017 ஆகஸ்ட்ல பென்டகன் அதிகாரி குர்டா போட்ட மெமோதான் இன்னிக்கும் வக்கீலுங்களுக்கு வேதப் புஸ்தகம். அதுல நாலு கேள்வி. நடத்தையை மன்னிக்கவோ குறைச்சுப் பாக்கவோ ஒரு நோயோ அனுபவமோ இருந்துச்சா? அது சர்வீஸ் காலத்துல நடந்ததா? அது நிஜமாவே அந்தத் தப்பை விளக்குதா? விளக்கினாலும், இப்ப இருக்கற டிஸ்சார்ஜை விட கனமா நிக்குதா? தலைல அடிபட்டது, சர்வீஸ்ல நடந்த பாலியல் வன்முறை எல்லாமே இதுக்குள்ள வரும். என் கணிப்புல பலபேர் வழுக்கறது மூணாவது கேள்விலதான். பிடிஎஸ்டி இருக்குன்னு டாக்டர் லெட்டர் வச்சுட்டு சும்மா இருந்துருவாங்க, போதைப்பொருள் எடுத்ததுக்கும் அந்த நோய்க்கும் என்ன முடிச்சுன்னு ஒரு வரி இருக்காது. ஸ்டோர்ல திருடினதுக்கு பிடிஎஸ்டியைக் காரணம் சொன்னா போர்டு அவ்வளவு லேசுல நம்பாது, தூங்க முடியாம கஞ்சா அடிச்சேன்னு சொன்னா நம்பறதுக்கு வழி இருக்கு.

மெமோ போட்டா மட்டும் எல்லாம் சரியாயிருமான்னா இல்ல. ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்து ஆளுங்க யேல் லா ஸ்கூலோட சட்ட உதவிக் குழு துணையோட வழக்கு போட்டப்புறம்தான், 2011 ஏப்ரலுக்கு அப்புறம் தள்ளுபடி பண்ணின ஒரு பகுதி கேஸ்களைத் திரும்ப எடுத்துப் பாக்க ஆர்மி டிஆர்பி ஒத்துக்கிச்சு. அந்த செட்டில்மென்ட் 2021லதான் முடிஞ்சது.

மூணாவது வழி விஏ. இதை மக்கள் கண்டுக்கறதே இல்ல, என்னைக் கேட்டா உடம்பு முடியாதவன் முதல்ல தட்ட வேண்டியது இந்தக் கதவைத்தான். விஏ உங்க டிடி-214ல ஒரு எழுத்தைக் கூட மாத்தாது. ஆனா எங்க சலுகைக்கு இவர் தகுதியானவரான்னு தனியா ஒரு தீர்மானம் எடுக்கும். ராணுவம் ஓடிஎச்னு எழுதினாலும் விஏ தகுதின்னு சொல்லலாம். 2024 ஜூன் 25ல இருந்து விதியையும் தளர்த்தியிருக்காங்க, ஏன் அப்படி நடந்துச்சு, எவ்வளவு நாள் நல்லா சர்வீஸ் பண்ணினாருன்னு சூழ்நிலையையும் பாக்கச் சொல்லுது. ஓடிஎச் ஆளு போர்ல இருந்திருந்தாலோ சர்வீஸ்ல பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ மனநல சிகிச்சைக்கு தனிச் சட்டமே இருக்கு. ஆனா ஜெனரல் கோர்ட் மார்ஷல் தண்டனைலயோ, தொடர்ந்து 180 நாள் காணாம போனதுக்காக ஓடிஎச்சோடயோ வெளிய வந்தவங்களுக்கு சட்டமே தடை போட்டிருக்கு, விலக்கு ரொம்பக் கொஞ்சம். விஏ சரின்னு சொன்னாலும் ஜிஐ பில் படிப்புக் காசு வராது, அதுக்கு ஹானரபிள்னு பேப்பர்லயே இருக்கணும்.

ஆக மருந்தும் டாக்டரும் அவசரம்னா விஏ, அதைப் போட்டுட்டே இன்னொரு பக்கம் டிஆர்பி, ரெண்டும் ஒண்ணையொண்ணு தடுக்காது. காலேஜ் போகணும், பேப்பர் சுத்தமாகணும்னா, 15 வருஷம் ஆகலன்னா டிஆர்பி, முதல்ல பேப்பர் அப்புறம் ஹியரிங். ஆனா பேப்பர் ரிவ்யூ தோத்து ஹியரிங் கேக்கறதுக்குள்ள கெடு முடிஞ்சுரும்போல இருந்தா நேரா ஹியரிங்கே கேட்டுருங்க. மெடிக்கல் ரிடையர்மென்ட், சம்பள பாக்கி, இல்ல வியட்நாம் காலத்துப் பழைய கேஸ்னா பிசிஎம்ஆர்தான், வேற போக்கிடம் இல்ல. எங்க போனாலும் சர்வீஸ் ஃபைலும் மெடிக்கல் ஃபைலும் முழுசா கைக்கு வராம ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க. ராணுவம் செஞ்சது சரின்னுதான் போர்டு ஆரம்பிக்கும், இல்லன்னு காட்டற சுமை உங்க தலைலதான்.

கேக்காமலே மாத்தின கதையும் ஒண்ணு உண்டு. ஓரினச்சேர்க்கையாளர்னு வெளிய அனுப்பப்பட்டவங்களோட ஃபைலை பென்டகன் தானாவே எடுத்துப் பாத்து 800க்கும் மேல அப்கிரேட் பண்ணினதா 2024 அக்டோபர்ல அறிவிச்சாங்க. ஆனா ஓரினச்சேர்க்கையாளருங்க ராணுவத்துல வெளிப்படையா இருக்கக் கூடாதுங்கற தடை போனது 2011 செப்டம்பர்ல, நடுவுல 13 வருஷம்.

ரெண்டு போர்டுலயும் தோத்துட்டா, 2019 டிசம்பர் 20க்கு அப்புறம் டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்கு மட்டும் டிஏஆர்பின்னு ஒரு மேல்முறையீட்டு போர்டு இருக்கு. அங்க புதுசா எந்த ஆதாரத்தையும் எடுக்க மாட்டாங்க, கீழ கொடுத்த ஃபைலைத்தான் பாப்பாங்க. அதனால டாக்டர் லெட்டர், கூட வேலை பாத்தவங்களோட சாட்சி, வெளிய வந்தப்புறம் ஒழுங்கா இருக்கறதுக்கான பேப்பர், எல்லாத்தையும் கீழ போர்டு ஃபைல்லயே சேத்துருங்க.